ஒவ்வொரு தடவையும் மூணாவது வாரத்துல புட்டுக்குது, என்னதான் பண்றது?

பாதிவழி:
வணக்கம் மக்களே. எனக்கு இலக்கு வைக்கிறதுல பிரச்சனையே இல்ல, அதுல நான் பெரிய ஆளு, அதுக்கு அப்புறம்தான் சிக்கல். இந்த வருஷம் தினமும் அரை மணி நேரம் கிட்டார்னு ஆரம்பிச்சேன், அதுக்குன்னு தனி நோட்டு, ஸ்கேல் வச்சு கட்டம் போட்டு, வாசிச்ச நாளுக்கு பச்சை டிக், வாசிக்காத நாளுக்கு சிவப்புல பெருக்கல் குறி. 17 பச்சை, ஒரு சிவப்பு, அதுக்கப்புறம் வெறும் கட்டம்தான். இதுக்கு முன்னாடி ஓட்டம், அதுக்கும் முன்னாடி ஜெர்மன், எல்லா நோட்டும் இப்படியேதான் முடிஞ்சிருக்கு. 21 நாள் விடாம செஞ்சா பழக்கமாயிடும்ங்கறாங்க, எனக்கு அந்த 21ஐ தொடவே முடியல. திட்டாம சொல்லுங்க.

அரைத்தூக்கம்:
கட்டம் போட்ட நேரத்துக்கு வாசிச்சிருந்தா இந்நேரம் கச்சேரியே பண்ணிருக்கலாம் ப்ரோ 😄 (நானும் அதே கேஸ்தான், பதில் வந்தா எனக்கும் உதவும்)

கணக்குப்புலி:
முதல்ல அந்த 21ஐ தூக்கிப் போடுங்க. மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்க புது முகத்துக்கு பழக குறைஞ்சது 21 நாளாவது ஆகுதுன்னு 1960ல எழுதினாரு, அதுல அந்த "குறைஞ்சது" மட்டும் காணாம போயி மிச்சம் ஊரெல்லாம் சுத்துது. பிலிப்பா லாலின்னு ஒரு ஆய்வாளரோட குழு லண்டன்ல 96 பேர வச்சு பாத்தப்போ (2009ல வெளிவந்துச்சு) ஒரு விஷயம் தானா வர்ற அளவுக்கு பழக நடுவாந்தரமா 66 நாள், ஆளப் பொறுத்து 18லருந்து 254 வரைக்கும்னு கணக்கு வந்துச்சு. ஒரு நாள் விட்டுப் போனதால பெருசா பாதிப்பும் இல்லியாம். அதனால என் கேள்வி வேற: அந்த சிவப்புக்கு மறுநாள் என்ன பண்ணீங்க?

பாதிவழி:
மறுநாளா... உண்மையச் சொன்னா கிட்டார தொடவே இல்ல. அத்தன பச்சைக்கு நடுவுல ஒரு சிவப்பு, பாக்கவே அசிங்கமா இருந்துச்சு, சரி ஒண்ணாம் தேதியிலருந்து புதுப் பக்கத்துல ஆரம்பிச்சுக்கலாம்னு விட்டுட்டேன். ஒண்ணாம் தேதி வந்துச்சு, போயிடுச்சு.

மெதுவா_போறேன்:
தம்பி, மாட்டிக்கிட்டது அங்கதான். ஒண்ணாம் தேதி, திங்கட்கிழமை இதெல்லாம் ஆரம்பிக்க நல்லா தள்ளிவிடும், வாரமோ மாசமோ பொறக்குறப்போ ஜிம்முக்கு வர்ற கூட்டம் ஏறுதுன்னு 2014ல ஆய்வாவே போட்டாங்க. ஆனா நமக்கு அது நடுவுல விடுறதுக்கு ஒரு சாக்கா ஆயிடுது. நான் நீச்சல் கத்துக்கறேன்னு நாலு தடவ "புதுசா" ஆரம்பிச்சவ, அஞ்சாவது தடவ ஆரம்பிக்கல, விட்ட எடத்துலருந்து தொடர்ந்தேன், அவ்ளோதான் வித்தியாசம். இன்னொன்னு, "தினமும் அரை மணி"ல எப்போங்கறதே இல்லியே. கோல்விட்சர்னு ஒரு உளவியல்காரர் சொல்றது, "இது நடந்தா அது செய்வேன்"னு முடிச்சுப் போட்டு வைக்கணும்னு. ராத்திரி பல்லு வெளக்கின உடனே கிட்டார், அந்த மாதிரி. முடியாத நாள்ல ரெண்டு நிமிஷம் போதும். ஆமா, இப்போ கிட்டார் எங்க இருக்கு?

கணக்குப்புலி:
அக்கா, ரெண்டு நிமிஷத்துல எனக்கு உடன்பாடு இல்ல. லாக், லேதம்னு ரெண்டு உளவியல்காரங்க வருஷக்கணக்கா பாத்து சொன்னது, "முடிஞ்ச அளவு பண்ணு"ன்னு விட்டவங்கள விட குறிப்பா, கொஞ்சம் கஷ்டமா டார்கெட் வச்சவங்கதான் நல்லா செஞ்சாங்கன்னு. குறைச்சு வச்சா அதுவே பழகிடும்.

மெதுவா_போறேன்:
டார்கெட்ட யாரு குறைக்கச் சொன்னா, ஒரு முழுப் பாட்டு வாசிக்கணும்னே வச்சுக்கட்டும். ரெண்டு நிமிஷம் காய்ச்சல் அடிக்கிற நாளுக்கு, ஆபீஸ்ல பிழிஞ்சு எடுத்த நாளுக்கு. அன்னைக்கும் அரை மணிதான்னு நின்னீங்கன்னா சைபர்தான் மிஞ்சும்.

பாதிவழி:
அக்கா கேட்டப்போதான் ஒறச்சுது, கிட்டார் பீரோ மேல, உறைக்குள்ள, ஜிப் போட்டு. ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுக்கணும். நேத்து ராத்திரி இறக்கிட்டேன், கட்டில் பக்கத்துலயே சாத்தி வச்சிருக்கேன். ஆறு கம்பியும் சுருதி எறங்கிக் கெடந்துச்சு, ட்யூன் பண்ணவே பத்து நிமிஷம், விரல் நுனியில காய்ச்சிருந்த தோலெல்லாம் போயி மறுபடி முதல் நாள் மாதிரி எரியுது. அதே பழைய பக்கத்துலதான் டிக் போட்டேன், நடுவுல இருந்த காலிக் கட்டத்த அப்படியே விட்டுட்டேன். பச்சைப் பேனா எங்க போச்சுன்னு தெரியல, பென்சில்லதான் போட்டிருக்கேன்.