கண்ணுக்குக் கீழே வீக்கம், காரணம் கடைவாய்ப் பல்

எங்கள் வீட்டு மணிக்கு ஒன்பது வயது. பொமரேனியன் என்று சொல்லி விற்கப்பட்ட, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ் இனத்தைச் சேர்ந்த நாய். சென்ற ஐப்பசியில் அதன் இடக்கண்ணுக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு வீக்கம் கண்டது. குளவி கொட்டியிருக்கும் என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். அருகில் இருந்த மருத்துவர் கண்ணுக்குச் சொட்டு மருந்தும் ஐந்து நாளைக்கு மாத்திரையும் கொடுத்தார், வீக்கம் வடிந்தது. மூன்று வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் எழும்பி, இம்முறை உடைந்து சீழ் கசிந்தது. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவரோ கண்ணருகே போகவே இல்லை. நேராக மேலுதட்டைத் தூக்கினார்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். அவற்றுள் மேல்தாடையின் நான்காவது முன்கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர்கள் உண்டு என்பதையும், அந்த வேர்களின் நுனி ஏறக்குறையக் கண்ணுக்குக் கீழே போய் முடிவதால் வேரில் கட்டும் சீழ் முகத்தில் வீக்கமாக வெளிப்படும் என்பதையும் அவர் எக்ஸ்ரே படத்தை வைத்து விளக்கினார். மணியின் அந்தப் பல்லில் வெளிப்புறம் பாளமாகப் பெயர்ந்து, நடுவே கறுப்புப் புள்ளி ஒன்று தெரிந்தது. "எலும்பு கொடுப்பீர்களா?" என்று கேட்டார். பல்லுக்கு நல்லது என்று நம்பி ஞாயிறுதோறும் ஆட்டுக்கால் எலும்பைப் போட்டு வந்தவன் நான்தான். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்கலாகாது என்பது அவர் சொன்ன கணக்கு.

சிறுநீரகமும் கல்லீரலும் மயக்க மருந்தைத் தாங்குமா என்று இரத்தப் பரிசோதனை செய்த பிறகு பல்லைப் பிடுங்கினார்கள். அதே மயக்கத்திலேயே மற்றப் பற்களின் காரையையும் ஈற்றுக்கு அடிவரை சுரண்டி எடுத்தார்கள். மயக்கம் கொடுக்காமல் சுத்தம் செய்து தருகிறோம் என்பவர்களிடம் முன்பு ஒருமுறை நான் ஏமாந்ததுண்டு. அவர்கள் வெளியே தெரியும் பகுதியை மட்டும் வெளுப்பாக்கினார்கள். நோய் வளர்வதோ ஈற்றுக்கு அடியில்.

வீடு திரும்பிய இரண்டாம் வாரத்தில்தான் ஒன்றைக் கவனித்தேன்: மணி தலையைச் சாய்க்காமல் சாப்பிட்டது. பல மாதங்களாக வலப்பக்கம் சாய்ந்து மென்றதையும், பிஸ்கட் துண்டுகள் இடப்பக்கமாகத் தரையில் சிந்தியதையும் வயதான நாயின் வழக்கம் என்று எண்ணியிருந்தோம்.

*

மணியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எங்கள் பூனைக்கும் இதே கதைதான், ஆனால் வீக்கம் கூட இல்லை. பசியோடு தட்டுக்கு ஓடிவரும். மீனை முகர்ந்து ஒரு வாய் கடித்ததும் தட்டைப் பார்த்துச் சீறிவிட்டு ஓடிவிடும். சுவை பிடிக்கவில்லை போலும் என்று மூன்று வகை மீன் மாற்றிப் பார்த்தோம். எச்சில் வழியத் தொடங்கிய அன்று, வலி குறையட்டும் என்று வீட்டுப் பெரியவர் பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்துவிட்டார். நல்லவேளையாக அடுத்த வீட்டு மாணவி பார்த்துத் தடுத்தாள். பூனையின் கல்லீரலால் அந்த மருந்தை முறிக்க இயலாது, ஒரு மாத்திரைகூட உயிரைப் பறிக்கும். பிறகு மருத்துவர் காட்டினார்: கீழ்த்தாடைப் பல்லொன்றின் அடி கரைந்து, அந்தக் குழிக்குள் ஈறு இளஞ்சிவப்பாக வளர்ந்து மூடியிருந்தது. துலக்கினாலும் இந்நோய் வரலாம், பிடுங்குவதே தீர்வு என்றார். இரண்டு பற்களை எடுத்த மறுநாளே பழைய மீனையே உண்டது.

*

நாயைப் பல் துலக்கப் பழக்குவது எப்படி என்று கேட்டிருந்தவர்களுக்கு, என் நாய்க்கு நான் செய்தது: முதல் வாரம் கோழி வேகவைத்த நீரில் நனைத்த விரலை மட்டும் ஈற்றில் தேய்த்தேன், அடுத்து மெல்லிய துணி, அதன் பின்னரே விரலில் மாட்டும் பிரஷ். உட்புறத்தை நாக்கே ஓரளவு பார்த்துக்கொள்வதால் வெளிப்புறம் மட்டும் போதும், பக்கத்துக்கு அரை நிமிடம். நம் பற்பசை வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கும், சிலவற்றில் உள்ள சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாய்க்கு நஞ்சு.

*

துலக்கும் முறையைச் சொன்னவருக்கு நன்றி, மணிக்கும் இப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். ஆட்டுக்கால் வாங்கும் ஞாயிறுகளில் மட்டும் அது சமையலறை வாசலை விட்டு நகர்வதில்லை. வெங்காயமும் உப்பும் சேர்க்குமுன் எடுத்துவைத்த சாற்றில் கொஞ்சம் சோற்றைப் பிசைந்து வைத்தால், முழுவதையும் உண்டுவிட்டு எலும்பு எங்கே என்று என் முகத்தைப் பார்க்கிறது.