லேனியர் ஏரிக்கு எந்தப் பான்டூன் படகு வாங்கலாம்?

அட்லாண்டா பக்கம் பான்டூன் படகு (மிதவைக் குழாய்கள் மேல் தட்டையான தளம் வைத்த படகு) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். குடும்பத்தோடு லேனியர் ஏரியில் சுற்றத்தான். பார்த்து வைத்திருக்கும் இரண்டுமே 22 அடி, யமஹா எஞ்சின், இருக்கைகளும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்றில் இரண்டு மிதவைக் குழாய், 115 குதிரைத்திறன். மற்றதில் மூன்று குழாய், 150.

சனி, ஞாயிறுகளில் பெரிய படகுகள் கிளப்பும் அலை அங்கே பலமாக இருக்கும். பிள்ளைகள் எல்லோரும் முன்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டால், முனை தாழ்ந்து தண்ணீர் தளத்துக்கு ஏறிவிடுமோ என்பதுதான் என் பயம். அதனால் மனம் மூன்று குழாய்க்கே போகிறது. ஆனால் எங்கள் வண்டி 5,000 பவுண்டு வரைதான் இழுக்கும். ட்ரெய்லர், பெட்ரோல் எல்லாம் சேர்த்தால் எடை அதை நெருங்கிவிடும்.

இரண்டு குழாய்ப் படகில் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு அந்த அலையில் ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், முழங்கால் வலி உள்ள அம்மா ஏறி இறங்க எது வசதி?