இந்திராநகரில் ஓடுகிற ஸ்கேன் சென்டரை வாங்கலாமா?

கேள்வி: சிஎம்எச் ரோட்டில் ஒரு ஸ்கேன் சென்டர் விலைக்கு வருகிறது. சிடி, எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டு ஓடுகின்றன, தரைத்தளத்தில் 1.5 டெஸ்லா எம்ஆர்ஐ சேர்க்க நினைக்கிறோம். இரண்டு ரேடியாலஜிஸ்டுகள், ஒரு முதலீட்டாளர், மூவரும் சேர்ந்து எல்எல்பி (வரையறுத்த பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்). இருக்கிற லைசென்ஸுகளிலேயே தொடரலாமா?

அல்சூர்_ரேடியாலஜி: முடியாது சார். அல்ட்ராசவுண்டுக்கான பிசிபிஎன்டிடி (கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம்) சான்றிதழைப் பெயர் மாற்ற வழியே இல்லை. உரிமையாளரோ நிர்வாகமோ மாறினால் இரண்டு பிரதிகளையும் ஒப்படைத்துவிட்டு, எல்எல்பி பெயரில் படிவம் ஏ (புதுப் பதிவு விண்ணப்பம்) போட வேண்டும். புதுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை அல்ட்ராசவுண்டைத் தொடாதீர்கள். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, மாதாமாதம் வாடகையும் கட்டிக்கொண்டு சான்றிதழுக்குக் காத்துக் கிடப்பவர்கள்தான் அதிகம். மீதிப் பணம் சான்றிதழ் வந்த பிறகே என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ரேடியாலஜிஸ்டுகள் ஏற்கெனவே எங்கெங்கே பதிந்திருக்கிறார்கள்? அந்தச் சட்ட விதிகளின் 2012 திருத்தப்படி, அல்ட்ராசவுண்டு பார்க்கும் டாக்டர் ஒருவர் ஒரு மாவட்டத்தில் இரண்டு மையங்களில்தான் பதியலாம். சிடி, எக்ஸ்ரேக்கு ஏஇஆர்பி-யின் (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) எலோரா என்ற ஆன்லைன் உரிமத் தளத்தில் தனி வேலை. கேபிஎம்இ (கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனச் சட்டம்) பதிவு வேறு.

சைட்_பிளானிங்: எனக்கு லைசென்ஸைவிட இடம்தான் கவலை. அந்த ரோட்டுக்கு மேலேயே மெட்ரோ பர்ப்பிள் லைன் போகிறது, 750 வோல்ட் டிசி, மூன்றாவது தண்டவாளத்தில். ரயில் கிளம்பும்போது கரண்ட் எகிறும், காந்தப்புலம் அசையும். எம்ஆர்ஐயில் முதலில் அடிபடுவது டிஃப்யூஷன் (திசுவில் நீர் நகர்வதைக் காட்டும்) படங்கள்தான். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மிஷின் கம்பெனியை வரவழைத்து, எம்ஆர்ஐ மேக்னட் உட்காரும் புள்ளியிலேயே மீட்டர் வைத்து, காந்தப்புலமும் அதிர்வும் காலை, மாலை நெரிசல் உட்பட ஒரு முழு நாள் பதிவு செய்யச் சொல்லுங்கள். லிஃப்டும் பார்க்கிங்கும் எவ்வளவு தள்ளி என்றும் அளக்க வேண்டும். 5 காஸ் கோடு (அதற்குள் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் வரக்கூடாத காந்தப்புல எல்லை) மேக்னட்டின் நடுவிலிருந்து நீளவாக்கில் சுமார் 4 மீட்டர், பக்கவாட்டிலும் மேலேயும் 2.5 மீட்டர். மாடியில் வேறு ஆபீஸ் இருந்தால் பேஸ்மேக்கர் உள்ளவர் அதன் தரையில் நடமாடக்கூடும்; அதை விட்டுவிடாதீர்கள். குவென்ச் ஆனால், அதாவது மேக்னட் திடீரென்று குளிர்ச்சியை இழந்தால், அதைக் குளிர்விக்கும் திரவ ஹீலியம் 700 மடங்குக்கு மேல் வாயுவாக விரியும். அதை வெளியேற்றும் குழாய் யார் வீட்டுச் சுவர் வழியாக வெளியே போகும்? கட்டட உரிமையாளர் எழுதித் தரட்டும்.

கேள்வி கேட்டவர்: சிடி, எக்ஸ்ரே ரூம்களில் எதைப் பார்ப்பது?

ஆர்எஸ்ஓ_பெங்களூரு: ரூம் பரப்பு சிடிக்கு 25 சதுர மீட்டர், எக்ஸ்ரேக்கு 18. எக்ஸ்ரே பீம் (கதிர்க்கற்றை) நேராக விழும் சுவர் 35 செ.மீ. செங்கல், மற்றவை 23. இங்கே வீட்டை மாற்றிக் கட்டிய இடங்களில் 6 அங்குல ஹாலோ பிளாக்தான் இருக்கும், பூச்சுக்கு மேல் தெரியாது. ஸ்விட்ச் பாக்ஸைக் கழற்றிப் பாருங்கள், சுவரின் உள்ளே என்ன என்று தெரிந்துவிடும். கதவில் 1.7 மி.மீ. ஈயம் இருந்தாலும் ஃபிரேம் ஓரத்தில் ஈயம் ஒன்றன்மேல் ஒன்று படியாவிட்டால் அங்கேதான் கதிர்வீச்சு கசியும். கடைசி க்யூஏ (மிஷின் தரப் பரிசோதனை) ரிப்போர்ட்டின் தேதியையும் கேளுங்கள். இரண்டு வருடம் தாண்டியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசலாம்.