தோட்டத்து நாயின் காது நுனியை ஈ கடித்துப் புண்ணாக்குகிறது, என்ன செய்யலாம்?

கொறங்காட்டுத் தோட்டம் (காங்கேயம் பக்கம்)

வணக்கம்ங்க. எங்கள் தோட்டம் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. சாளையில் (தோட்டத்து வீட்டில்) அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள், எனக்குத் திருப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் போவேன். நாய் பேர் கருப்பன். நாட்டு நாயும் ஷெப்பர்டும் கலந்தது, காது இரண்டும் விறைப்பாக நிமிர்ந்து நிற்கும். பங்குனி பாதியிலிருந்தே அந்தக் காது நுனியில் ஈ மொய்க்க ஆரம்பித்து, இப்போது இரண்டு நுனியிலும் முடி உதிர்ந்து கறுப்பாகப் பக்கு கட்டிவிட்டது. தலையை உதறினால் சுவரில் ரத்தம் தெறிக்கிறது. சாப்பிடும்போதுகூட நிம்மதியாக நிற்பதில்லை, இரண்டு வாய் தின்பதற்குள் நாலு தடவை காதை உதறுகிறான்.

பகலில் மாடு கட்டுகிற கட்டுத்தரைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் கட்டியிருப்பார்கள், நிழல் அங்கேதான் இருக்கிறது. ராத்திரி அவிழ்த்துவிடுவோம். இரண்டு மாடு, ஒரு கன்று, கொஞ்சம் ஆடு. அப்பா பழைய இஞ்சின் ஆயில் தடவினால் ஈ அண்டாது என்கிறார். பக்கத்துத் தோட்டத்து மாமா வேப்பெண்ணெயில் கற்பூரம் கரைத்துப் பூசச் சொல்கிறார். அம்மா மஞ்சள் குழைத்துப் பூசுகிறார், காய்ந்து உதிர்ந்ததும் ஈ திரும்ப வந்துவிடுகிறது. வீட்டில் ஒரு பூனையும் உண்டு, கருப்பன் மேல் ஒட்டித்தான் படுக்கும், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள்.

பட்டிநாய் (வெள்ளகோவில்)

இஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம்ங்க, அப்பாவிடம் எப்படியாவது சொல்லிப் புரியவையுங்கள். ஏற்கெனவே புண்ணான தோலை அது இன்னும் வேகவைக்கும். நாய் முன்னங்காலால் காதைத் தேய்க்கும், அப்புறம் அந்தக் காலை நக்கும், எல்லாம் வயிற்றுக்குள் போகும். கற்பூரமும் அப்படித்தான், தோல் வழியாகவே உடம்புக்குள் இறங்கி வலிப்பு வரை கொண்டுபோகும். மாமா நல்லதுக்குத்தான் சொல்கிறார், ஆனாலும் வேண்டாம்.

அடுத்து, அது என்ன ஈ என்று உட்கார்ந்து பாருங்கள். நாம் எல்லாவற்றையும் மாட்டு ஈ என்று ஒரே பேரில் சொல்லிவிடுகிறோம். காது நுனியைக் கடிப்பது பெரும்பாலும் கடி ஈ. பார்வைக்கு வீட்டு ஈயேதான், ஆனால் வீட்டு ஈயால் கடிக்க முடியாது, ஒற்றி உறிஞ்சத்தான் முடியும். கடி ஈக்குத் தலைக்கு முன்னால் கறுப்பாக ஒரு ஊசி நீட்டிக்கொண்டிருக்கும், வயிற்றுப் பக்கம் சாம்பல் நிறத்தில் கரும்புள்ளிகள் இருக்கும். சுவரில் உட்கார்ந்தால் பெரும்பாலும் தலை மேலே பார்த்தபடி உட்காரும். கொசுவில் பெண் மட்டும்தான் ரத்தம் குடிக்கும், இதில் ஆணும் குடிக்கும். மாடு ஒரு இடத்தில் நிற்காமல் முன்னங்காலை மாற்றி மாற்றி உதைத்துக்கொண்டிருந்தால் இந்த ஈ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். மாட்டுக்குக் காலில் கடிக்கும், நாய்க்குக் காதில். நிமிர்ந்த காதென்றால் நுனியில், மடிந்த காதென்றால் மடிப்பின் மேல். நாயின் முடிக்குள்ளே நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடுகிற தட்டையான ஈ வேறு, அது நாய் ஈ. நசுக்கினாலும் லேசில் சாகாது. அது உடம்பிலேயே தங்கி ரத்தம் குடிக்கும், அதற்கு வைத்தியமும் வேறு.

கடி ஈ நாய் மேல் இருப்பதே சில நிமிடம்தான். வயிறு நிறையக் குடித்துவிட்டுச் சுவரிலோ கிளுவை வேலியிலோ போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் நாய் மேல் எதைத் தடவினாலும் ஈயின் கூட்டம் குறைவதில்லை. அது பெருகுகிற இடம் உங்கள் கட்டுத்தரையில்தான் இருக்கிறது. மாடு தின்று கழித்த சோளத்தட்டு காலடியில் விழுந்து, சாணியும் மூத்திரமும் சேர்ந்து ஊறி, அடியில் கறுப்பாக அழுகிக் கிடக்கும் பாருங்கள், முட்டை வைப்பது அங்கேதான். வெறும் சாணியைவிட அந்த ஊறின தட்டுதான் அதற்குப் பிடிக்கும். கோடைச் சூட்டில் முட்டை வைத்து இரண்டு மூன்று வாரத்தில் ஈயாகிப் பறந்துவிடும். ஒரு கோடை மழை பெய்து தட்டுப்போரின் அடி நனைந்தால் அங்கேயும் வைக்கும். தண்ணீர்த் தொட்டி ஒழுகி எப்போதும் ஈரமாக இருக்கிற மூலை, வயலுக்கு இறைக்க வாங்கிக் குவித்து மழையில் நனைந்த கோழி எரு, இதையெல்லாம் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள். வெள்ளையாகப் புழு நெளிந்தால் ஈ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

வாரத்துக்கு ஒரு தடவையாவது கழிவுத் தட்டை அடியோடு வாரி வெயிலில் மெல்லிசாகப் பரப்பிவிடுங்கள், ஈரம் போனால் புழு செத்துவிடும். குப்பைக்குழியில் போடுவதானால் மேலே தார்ப்பாய் போட்டு ஓரத்தில் மண் அணைத்துவிட்டால் உள்சூட்டிலேயே வெந்துவிடும். நாட்டுக்கோழி இருந்தால் அந்த இடத்தில் மேயவிடுங்கள், சுத்தமாகப் பொறுக்கிவிடும். இது மாட்டுக்கும் நல்லது. தோல் கழலை நோயை ஒரு மாட்டிலிருந்து இன்னொரு மாட்டுக்குக் கொண்டுபோவதில் இந்த ஈக்கும் பங்கு உண்டு.

வாய்க்கால்கரை அக்கா (கோபி)

மேலே தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனால் கட்டுத்தரையை இன்றைக்கே சுத்தம் பண்ணினாலும் ஏற்கெனவே பறக்கிற ஈ சாக நாளாகும். அதுவரைக்கும் கருப்பன் காதைக் காப்பாற்ற வேண்டுமே.

முதலில் அவனை அந்த வேப்பமரத்தடியிலிருந்து மாற்றுங்கள். மாட்டுக்குப் பக்கத்தில் கட்டிப்போட்ட நாயால் ஓடவும் முடியாது, இருட்டில் போய் ஒளியவும் முடியாது. அவிழ்ந்து கிடக்கிற நாய் ஈ தொல்லை தாங்காமல் தானாகவே கட்டிலுக்கு அடியிலோ உள்ளறையிலோ போய்ப் படுத்துக்கொள்ளும், கவனித்திருப்பீர்கள். வெயில் ஏறுகிற காலை நேரத்திலும் பொழுது சாய்வதற்கு முன்னாலும்தான் கடி அதிகம். அந்த இரண்டு வேளையாவது அவன் சாளைக்குள்ளே இருக்கட்டும். திண்ணையில் ஒரு டேபிள் ஃபேனை அவன் படுக்கிற உயரத்துக்கு வைத்து ஓடவிடுங்கள், வேகமான காத்தில் ஈயால் நிலையாக உட்கார முடியாது. நம் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து பலமாக அடிக்க ஆரம்பித்ததும் ஈ குறைவதும் இதனால்தான். தகரக் கொட்டகையில் மட்டும் அடைத்துவிடாதீர்கள். ஈக்குப் பயந்து சூட்டில் போட்டால் அது உயிருக்கே ஆபத்து.

காதுக்கு வருவோம். பக்கைப் பிய்க்கக் கூடாது, பிய்த்தால் திரும்ப ரத்தம், ரத்த வாடைக்குத் திரும்ப ஈ. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து காது நுனியில் சுற்றிக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொள்ளுங்கள். பக்கு ஊறித் தானாகக் கழன்று வருகிற அளவுக்கு மட்டும் துடையுங்கள், மிச்சத்தை அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். பொவிடோன் அயோடினை வடிகட்டின டீ நிறத்துக்குத் தண்ணீரில் கரைத்து ஒற்றி எடுத்துக் காயவிட்டு, டாக்டர் கொடுக்கிற களிம்பைப் போடுங்கள். புண் ஆறிக் காய்ந்த பிறகு, நுனியின் இரண்டு பக்கமும் வாசலின் மெல்லிசாகப் பூசிவிடலாம். கடிக்கு அது ஒரு தடுப்பு, ஆனால் தேய்ந்து போய்விடும், காலையும் மாலையும் பூச வேண்டும். இரண்டு பேர் இருந்தால் சுலபம், ஒருவர் தாடையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டால் போதும்.

வேப்பெண்ணெயை நான் முழுக்க ஒதுக்கமாட்டேன். தேங்காய் எண்ணெயில் கொஞ்சமாகக் கலந்து, புண் இல்லாத இடத்தில், காதுக்கு அடியிலும் பிடரியிலும் லேசாகத் தடவினால் சில மணி நேரம் ஈ தள்ளி நிற்கும். ஆனால் உங்கள் பூனை அவன் மேலேயே படுத்து நக்கும் என்றால் அதையும் விட்டுவிடுங்கள். வேப்பந்தழைப் புகை போடுவதானால் திறந்த இடத்தில், நாய் விலகிப் போக வழி இருக்கிற மாதிரி போடுங்கள். புகை அடங்கினதும் ஈ வந்துவிடும், அதை மட்டும் நம்பி இருக்க முடியாது.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் (நாமக்கல்)

தம்பி, மற்றவர்கள் நன்றாகச் சொல்லிவிட்டார்கள், விட்டுப்போனதை மட்டும் சொல்கிறேன்.

முதல் விஷயம் பூனை. நாய்க்கு ஈ, உண்ணி வராமல் பிடரியில் விடுகிற சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் கலந்தது உண்டு. நாய்க்கு நல்ல மருந்து, ஈயையும் கொசுவையும் விரட்டும். ஆனால் பூனைக்கு விஷம். நாய் மேல் ஈரம் காயாமல் இருக்கும்போது பூனை ஒட்டிப் படுத்தாலே நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகலாம். கடையில் நேராக வாங்காமல், வீட்டில் பூனை இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உண்ணிக்கு வாயில் கொடுக்கிற மாத்திரைகள் உண்ணியைக் கொல்லும், ஆனால் கடி ஈ வந்து உட்காருவதைத் தடுக்காது. மாட்டுக்குத் தெளிக்கிற மருந்தையோ பயிர்ப் பூச்சி மருந்தையோ அளவு தெரியாமல் நாய் மேல் ஊற்றவே கூடாது.

இரண்டாவது, மாட்டுக்குப் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியை நாய்க்கும் போட்டுவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். ஷெப்பர்டு, கோலி வகை ரத்தம் கலந்த சில நாய்களுக்கு அந்த மருந்து மூளைக்குள் போய்விடும், தள்ளாடி மயங்கிச் சாகும். உங்கள் நாயில் அந்தக் கலப்பு இருக்கிறது, ஜாக்கிரதை.

மூன்றாவது, இது ஈக் கடிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காது விளிம்பை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து லேசாகத் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகச் சொறிய ஆரம்பித்தால் சொறிப் பூச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம், முழங்கைப் பக்கமும் முடி கொட்டியிருக்கும். அது மனிதருக்கும் ஒட்டும்.

நான்காவதுதான் கோடையில் நான் ரொம்பப் பயப்படுவது. கடி ஈ உண்டாக்கின புண்ணில் வேறு ஈ, அந்தப் பச்சையாக மினுக்குகிற ஈ, வந்து முட்டை வைத்துவிடும். ஒரு நாளைக்குள் பொரிந்து புழு சதையைத் தின்ன ஆரம்பித்துவிடும். நாய் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு, கெட்ட நாற்றம் அடித்தால் காதுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். புழு தெரிந்தால் பெட்ரோல், மண்ணெண்ணெய், பினாயில் எதையும் ஊற்றாமல் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். காதை ஓயாமல் உதறி உதறி ரத்தக்குழாய் உடைந்து, காது மடல் முழுவதும் ரத்தம் தேங்கி மெத்தென்று உப்பிக்கொள்வதும் உண்டு. அதை வீட்டில் குத்தி எடுக்காதீர்கள், டாக்டர்தான் செய்ய வேண்டும்.

விட்டு விட்டுக் காய்ச்சல், முகம் கால் வீக்கம், கருவிழி நீலமாகப் பூத்துப்போவது, இப்படி எதையாவது பார்த்தால் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சர்ரா என்ற நோயின் கிருமியை ஒரு பிராணியிலிருந்து இன்னொன்றுக்குக் கடி ஈக்களும் பெரிய மாட்டு ஈக்களும் கொண்டுபோகும். நாய்க்கு வந்தால் வேகமாக முற்றிவிடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுவர முடிந்தால் அங்கே பார்ப்பார்கள்.

கொறங்காட்டுத் தோட்டம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. நேற்று அப்பாவும் நானும் தொட்டிக்குப் பக்கத்தில் கிளறிப் பார்த்தோம், பட்டிநாய் அண்ணன் சொன்ன மாதிரியே தட்டுக்கு அடியில் புழு. அப்பா அதைப் பார்த்த பிறகு ஆயில் பேச்சை எடுக்கவில்லை, அவரே மண்வெட்டி எடுத்துவிட்டார். காதைத் தேய்த்துப் பார்த்தேன் ஐயா, கால் அசையவில்லை, மற்ற இடத்தில் முடியும் நன்றாக இருக்கிறது. நாளைக்கு டாக்டரிடம் போகிறோம். ஒரே சந்தேகம், கருப்பனைக் கட்டுத்தரைப் பக்கத்திலிருந்து மாற்றினால் ராத்திரி ஆட்டுக்குக் காவல் யார் என்று அம்மா கேட்கிறார்.

பட்டிநாய் (வெள்ளகோவில்)

ராத்திரி தாராளமாகப் பட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்ங்க, கடி ஈ பகலில்தான் கடிக்கும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவிழ்த்துவிட்டுப் பொழுது விடிந்ததும் உள்ளே கூட்டிக்கொண்டால் போதும். ராத்திரி கொசு உண்டு, அது கடித்துப் பரவுகிற இதயப் புழு வராமல் இருக்க என்ன கொடுக்கலாம் என்று நாளைக்கு டாக்டரிடம் சேர்த்தே கேட்டுவிடுங்கள். தொட்டி ஒழுகலையும் இந்த வாரமே அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் வாரின இடம் திரும்ப ஊறிவிடும்.