உண்மை அறியும் குழுவில் முதல் தடவை போகிறோம்: யாரிடம் என்ன கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது?

வைகைக்கரை:

வணக்கம். மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில் ஒரு ஊர். முளைப்பாரி ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் ஆரம்பித்த தகராறு, தலித் குடியிருப்பு மீது தாக்குதலாக முடிந்திருக்கிறது. வீடுகள் சேதம். காயம்பட்டவர்கள் ராஜாஜி ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். இரண்டு எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள்: ஒன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், இன்னொன்று அடிவாங்கிய பையன்கள் மேலேயே. ஊர்ப் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை.

வரும் சனிக்கிழமை ஐந்து பேர் போகிறோம். இரண்டு வக்கீல்கள், ஒரு பேராசிரியர், ஒரு பத்திரிகையாளர், முதுகலை படிக்கும் நான். நேரில் பார்த்த எல்லோரிடமும் வீடியோவில் வாக்குமூலம் வாங்கி, எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடலாம் என்று குழுவில் பேச்சு. அது சரியா? எந்தெந்தக் காகிதங்களைத் தேட வேண்டும்? இரு தரப்பையும் ஒரே நாளில் பார்த்துவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கருப்புக்கோட்டு:

வீடியோவும் கையெழுத்தும் வேண்டவே வேண்டாம். முதலில் அதை நிறுத்துங்கள்.

காரணம் இதுதான். காவல்துறை விசாரணையில் சாட்சி சொல்வதை பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 180-இல் எழுதுவார்கள், அதில் சாட்சியின் கையெழுத்து வாங்கக் கூடாது. நீங்கள் வாங்கும் கையெழுத்துப் போட்ட தாளும் வீடியோவும் அப்படியல்ல. அவை சாட்சியின் 'முந்தைய கூற்று'. புதிய சாட்சியச் சட்டம் 148-இன்படி எதிர்த்தரப்பு வக்கீல் அதைச் சாட்சியிடம் காட்டிக் குறுக்கு விசாரணை செய்வார். அடிபட்ட மூன்றாம் நாள் ஒரு அம்மா உங்களிடம் "எட்டு மணி இருக்கும், ஏழெட்டுப் பேர் வந்தாங்க" என்கிறார். நீதிமன்றத்தில் "ஒன்பது மணி, பதினைந்து பேர்" என்கிறார். இரண்டுமே அவருக்கு உண்மைதான். இருட்டில் எண்ணிக்கொண்டா நின்றார்? ஆனால் அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே சாட்சியத்தை நம்ப முடியாது என்று வாதிட்டுவிடுவார்கள். நல்ல எண்ணத்தோடு வெளியிட்ட எத்தனையோ அறிக்கைகள் குற்றம் சாட்டப்பட்டவர்களின் விடுதலைக்கு வழி செய்திருக்கின்றன.

நேரில் பார்த்தவர்களிடம் கேட்க வேண்டியது வேறு. எங்கே நின்றீர்கள், அங்கே வெளிச்சம் இருந்ததா, போலீஸ் உங்களை விசாரித்ததா, சொன்னதை அப்படியே எழுதினார்களா, யாராவது மிரட்டினார்களா, இப்போது எங்கே தங்குகிறீர்கள். இதைக் குறிப்பாக எழுதுங்கள், உங்கள் சொல்லில், கையெழுத்து இல்லாமல். சம்பவத்தின் விவரத்தை மாஜிஸ்ட்ரேட் முன் பி.என்.எஸ்.எஸ். 183-இல் பதியச் சொல்லி விசாரணை அதிகாரியிடம் மனுக் கொடுக்க வையுங்கள். பின்னால் பிறழ்சாட்சியாக்க, அதாவது சொன்னதை மாற்றிச் சொல்ல வைக்க, நடக்கும் முயற்சிக்கு அது ஒரு தடுப்பு.

சாதி வசைக்கு மட்டும் தனிக் கவனம் வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் இதற்கான 3(1)(ஆர்), 3(1)(எஸ்) இரண்டுக்குமே 'பொதுமக்கள் பார்வையில் படும் இடம்' என்பது அவசியம். நான்கு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாமல் நடந்தது இதில் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புகாரில் வெறுமனே "சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்கள்" என்று இருந்தால் போதாது. எந்தச் சொல், யார் சொன்னது, தெருவிலா வாசலிலா, சுற்றி நின்ற வெளியாட்கள் யார் என்பதெல்லாம் வர வேண்டும். விட்டுப்போயிருந்தால் கூடுதல் மனுவாக இப்போதே கொடுக்கலாம். ஊர்வலப் பாதையைத் தடுத்தது 3(1)(இசட்.ஏ)-இல் வரும். கடையில் சாமான் தர மாட்டோம், வேலைக்குக் கூப்பிட மாட்டோம் என்பது 3(1)(இசட்.சி), அதாவது சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பு. இந்த இரண்டும் எஃப்.ஐ.ஆரில் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

பழைய நெகட்டிவ்:

படம் எடுக்கிறவருக்கு ஒரு வார்த்தை. உடைந்த கதவைப் பார்த்ததும் கிட்டப் போய் எடுத்துவிட்டு வந்துவிடுவோம். அது யார் வீட்டுக் கதவு என்று ஆறு மாதம் கழித்து யாருக்கும் தெரியாது. முதலில் தெருவோடு சேர்த்து ஒரு படம், அப்புறம் வீடு முழுக்கத் தெரிய ஒன்று, கதவு எண்ணோ மின்மீட்டர் எண்ணோ தெரிய ஒன்று, கடைசியாகச் சேதம். சேதத்துக்குப் பக்கத்தில் 15 செ.மீ. அடிக்கோல் ஒன்றை வைத்து எடுங்கள்.

எதைப் பார்ப்பது? தாழ்ப்பாள் உள்பக்கமாக வளைந்திருக்கிறதா, வெளிப்பக்கமாகவா? ஆஸ்பெஸ்டாஸ் கூரை உடைந்திருந்தால் துண்டுகள் வீட்டுக்குள் விழுந்து கிடக்கின்றனவா, வாசலிலா? மேலிருந்து கல் விழுந்தால் துண்டு உள்ளேதான் விழும், கல்லும் அங்கேயே கிடக்கும். "அவர்களே உடைத்துக்கொண்டார்கள்" என்று ஒரு பேச்சு எப்படியும் வரும். அதற்குப் பதில் இந்தப் படங்கள்தான். எதையும் தொடாதீர்கள். கல்லை எடுத்து வசதியாக வைத்துப் படம் எடுப்பது கூடவே கூடாது.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும், தரமும் குறையும். ஆவணமாக அனுப்புங்கள். மெமரி கார்டை அப்படியே கவரில் போட்டு ஒட்டித் தேதி எழுதி வையுங்கள். மின்னணு ஆதாரத்துக்கான சாட்சியச் சட்டம் 63(4) சான்றிதழில் இப்போது ஹாஷ் எண் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) கேட்கிறார்கள், அதனால் அன்று இரவே எஸ்.எச்.ஏ.-256 முறையில் அதை எடுத்துக் குறித்துவிடுங்கள். தெருமுனைக் கடையில் சிசிடிவி இருந்தால் அதுதான் முதல் வேலை. சாதாரண கடைகளில் சிசிடிவி பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியில் 15 முதல் 30 நாளுக்குள் பழையது அழிந்து புதியது ஏறிவிடும். அதில் ஓடும் கடிகாரத்துக்கும் உங்கள் செல்போன் நேரத்துக்கும் எத்தனை நிமிடம் வித்தியாசம் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். பதிவைக் கைப்பற்றச் சொல்லி டி.எஸ்.பி.க்கு அன்றைக்கே பதிவுத் தபால் போட வேண்டும்.

வைகைக்கரை:

மிக்க நன்றி. வாக்குமூல விஷயத்தைக் குழுவில் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அப்படியென்றால் அறிக்கையில் சம்பவத்தை எப்படி எழுதுவது? ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டால் கொடுப்பார்களா?

கருப்புக்கோட்டு:

சம்பவத்தைக் காகிதங்களின் வழியாக எழுதுங்கள். புகார்தாரருக்கு நகலை இலவசமாகத் தர வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 173(2) சொல்கிறது, அவரிடமே வாங்கிக்கொள்ளலாம். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்திலும் ஸ்டேஷன், வருடம், எண் போட்டுப் பார்க்கலாம். அங்கே மறைத்திருந்தால் மதுரை சிறப்பு நீதிமன்றத்தில் நகல் மனுப் போட வேண்டியதுதான்.

நகல் வந்ததும் சம்பவ நேரம், ஸ்டேஷனுக்குத் தகவல் வந்த நேரம், நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் மூன்றையும் பாருங்கள். இரண்டு எஃப்.ஐ.ஆர்.களின் வரிசை எண்களையும் பாருங்கள். அடிபட்டவர்கள் ஆம்புலன்ஸில் ஏறிய நேரத்தில் அவர்கள் மேலேயே போட்ட எதிர் வழக்கு ஏற்கெனவே பதிவாகியிருந்தால் அதை ஒரு வரியில் எழுதினால் போதும், படிக்கிறவருக்குப் புரிந்துவிடும். வன்கொடுமை வழக்கில் எஃப்.ஐ.ஆருக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று அந்தச் சட்டத்தின் 18ஏ சொல்கிறது. ஆகவே "விசாரித்துவிட்டுப் பதிவு செய்தோம்" என்பது தாமதத்துக்குக் காரணமாகாது.

ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். எனும் விபத்துப் பதிவேட்டு நகல். எத்தனை பேர், தெரிந்தவர்களா, எந்த ஆயுதம், எங்கே, எத்தனை மணிக்கு என்று முதல் ஒரு மணி நேரத்தில் டாக்டர் எழுதியிருப்பார். வழக்கில் அதற்கு மதிப்பு அதிகம். அப்புறம் எக்ஸ்ரே. எலும்பு முறிவைப் பதிவு செய்யாமல் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் கொடுங்காயம் சாதாரணக் காயமாகிவிடும், பிரிவே மாறிவிடும். நீங்கள் சனிக்கிழமை ஊருக்குப் போகுமுன் வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போவதே நல்லது. சனி, ஞாயிறில் அங்கே ஒரு காகிதமும் நகராது.

மந்தைவெளி அக்கா:

தங்கச்சி, ஊருக்குள்ள போற விதத்தையும் கொஞ்சம் கேட்டுக்கோங்க.

இரண்டு தரப்பையும் பாக்கணும், ஆனா ஒரே ஆளுங்க ஒரே வண்டியில பாக்கக் கூடாது. குடியிருப்புல இருந்து நேரா எதிர்த்தரப்புச் சாவடிக்கு உங்க கார் போனா, "யாரோ நம்மளைப் பத்திச் சொல்லிக்கொடுத்திருக்காங்க"ன்னு அன்னைக்கு ராத்திரியே பேச்சு வரும். நீங்க மதுரைக்கு வந்துடுவீங்க, அந்த ஜனங்க அங்கேயேதான் இருக்கணும். குழுவை ரெண்டாப் பிரிச்சு வேற வேற நாள் போங்க. சாப்பாடு, தண்ணி எதுவா இருந்தாலும் கையோட கொண்டுபோங்க, யார் வீட்டு உபசாரமும் வேண்டாம்.

பெண்களைத் தனியாப் பாருங்க, ஆம்பளைங்க பக்கத்துல இல்லாம. அவமானப்படுத்தின விஷயம் அங்கதான் வெளிய வரும். பாலியல் கொடுமைன்னா பேரு, வீடு, சொந்தக்காரங்க பேரு எதுவும் அறிக்கையில வரக் கூடாது. புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ். 72-ல அதுக்குத் தண்டனையே இருக்கு. பிள்ளைங்க படமும் வேண்டாம்.

வீடு வீடாச் சேதப் பட்டியல் எழுதுங்க. டி.வி., பீரோ, பைக், ஆடு, அரிசி மூட்டைன்னு எண்ணிக்கையோட. எல்லாரும் மறக்கிறது காகிதம். ரேஷன் அட்டை, ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், சாதிச் சான்று, பட்டா, நகைக்கடன் ரசீது இதெல்லாம் எரிஞ்சா, நனைஞ்சா தனிப் பட்டியல் போட்டு, ஊரிலேயே முகாம் நடத்திக் கொடுங்கன்னு தாசில்தாருக்கு மனு எழுதுங்க. சாதிச் சான்று இல்லாம தீருதவித் தொகை, அதாவது அரசு குடுக்கிற நிவாரணப் பணம், நகராது, அதனால அது முதல்ல. வன்கொடுமைத் தடுப்பு விதிகள்ல விதி 12(4)-படி ஏழு நாளுக்குள்ள நிவாரணம் வரணும். வன்கொடுமைக் கொலைன்னா பிரேதப் பரிசோதனை முடிஞ்சதும் பாதி, குற்றப்பத்திரிகை போனதும் மீதி. காயம், சேதத்துக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்புன்னு தவணை தவணையா வரும். எந்தப் பிரிவு போட்டிருக்காங்களோ அதை வச்சுத்தான் தொகை. பிரிவு விட்டுப்போனா பணமும் போச்சு.

எதிர் வழக்குல பேரு இருக்கிற அந்தப் பையன்களைக் கேட்டீங்களா? கைதுக்குப் பயந்து தோட்டத்துல, திருப்பூர்ல எங்கேயாவது ஒளிஞ்சிருப்பாங்க. அவங்களும் காயம்பட்டிருந்தா ஆஸ்பத்திரிக்கே போயிருக்க மாட்டாங்க. எதிர் வழக்கு போடுறதே அதுக்குத்தான். வக்கீலோட கூட்டிட்டு வந்து ஆஸ்பத்திரியில சேர்க்கணும்.

ஏட்டுச்சுவடி:

அறிக்கையின் மொழி பற்றிச் சொல்ல நினைக்கிறேன். 'இரு தரப்பினரிடையே மோதல்' என்ற சொற்றொடரைப் போடுமுன் எண்ணிப் பாருங்கள்: எந்தத் தெருவில் வீடுகள் உடைந்தன, எந்தத் தெருவிலிருந்து யார் எந்தத் தெருவுக்கு வந்தார்கள், காயம்பட்டவர்கள் எங்கே விழுந்து கிடந்தார்கள். உடைந்த வீடுகள் எல்லாம் ஒரே பக்கம் இருந்தால் அது தாக்குதல். அப்படியே எழுதுங்கள். அதேபோல 'காலனி' என்று எழுத வேண்டாம். அரசு ஆவணங்களிலிருந்தே அந்தச் சொல்லை எடுப்பதாக 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். தெருவுக்கு மக்கள் சொல்லும் பெயரைப் போடுங்கள்.

ஒரு வரைபடம் கட்டாயம். ஊர் மந்தை, கோயில், குடியிருப்பு, ரேஷன் கடை, பஸ் ஸ்டாப், ஊருணி, சுடுகாட்டுப் பாதை எல்லாம் காலடி வைத்து அளந்து மீட்டரில். பேரையூர் பக்கம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று அரசு இடித்தது. அந்தச் சுவரைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் சொன்னார்கள். ஆனால் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, எந்தப் பாதையை அடைக்கிறது என்பதற்கு விளக்கம் சொல்ல முடியாது. பாதைத் தகராறுக்கும் அதுதான். வி.ஏ.ஓ.விடம் நில எல்லைகளைக் காட்டும் புலப்பட நகல் கேளுங்கள். அந்தத் தெரு அரசுப் புறம்போக்காகவோ ஊராட்சிச் சாலையாகவோ இருந்தால் 'எங்கள் தெரு' என்ற வாதம் அங்கேயே முடிகிறது.

ஒரே நாள் சம்பவமாகவும் எழுதிவிடாதீர்கள். இதே மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை தலித்துகளுக்கு ஒதுக்கிய ஊராட்சித் தலைவர் பதவியை நிரப்பவிடாமல் வைத்திருந்தார்கள். யாராவது ஜெயித்தாலும் உடனே ராஜினாமா. பதவியேற்ற தேதியையும் ராஜினாமா தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே போதும், கட்டுரை எழுதத் தேவையில்லை. உங்கள் ஊரில் கடந்த பத்து வருடத் திருவிழாக்களுக்கு நடந்த அமைதிப் பேச்சுவார்த்தைக் குறிப்புகள் தாலுகா அலுவலகத்தில் இருக்கும். நிர்வாகத்துக்கு முன்பே தெரியுமா, தெரியாதா என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

அதை ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டினால் போதும். 'ஏன்', 'எதற்கு' என்று கேட்டால் பதில் வராது. 'நகல் தருக' என்று மட்டும் கேளுங்கள். மூன்று விஷயம்: அமைதிக் கூட்டக் குறிப்புகள், விதி 12(1)-இன்படி ஆட்சியரும் எஸ்.பி.யும் சம்பவ இடத்தைப் பார்வையிட்ட நாளும் அறிக்கையும். விதி 17-இன்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டிய மாவட்ட விழிக்கண் குழுவின் கடைசி எட்டுக் கூட்டங்களின் குறிப்புகள். புலன்விசாரணை பற்றிக் கேட்டால், விசாரணைக்கு இடையூறாகும் தகவலை மறுக்கலாம் என்னும் ஆர்.டி.ஐ. சட்டப் பிரிவு 8(1)(எச்) காட்டி மறுப்பார்கள், அதை இதில் கலக்காதீர்கள். தனி மனுவாகப் போடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. திட்டத்தை மாற்றிவிட்டோம். வெள்ளி காலை ஆஸ்பத்திரி, மதியம் டி.எஸ்.பி. அலுவலகம், சனி குடியிருப்பு மட்டும், அடுத்த புதன் இன்னொரு இருவர் சாவடிக்கு. அறிக்கையை எப்போது வெளியிடலாம்?

கருப்புக்கோட்டு:

வன்கொடுமை வழக்கில் 60 நாளுக்குள் விசாரணையை முடித்துக் குற்றப்பத்திரிகை போட வேண்டும் என்று விதி 7(2) சொல்கிறது. அதற்குள் வந்தால்தான் பயன். ஏழு நாளில் நான்கு பக்க இடைக்கால அறிக்கை: விட்டுப்போன பிரிவுகள், வராத தீருதவி, சிசிடிவி, பாதுகாப்பு. அதை ஆட்சியர், எஸ்.பி., மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மூன்றுக்கும் கொடுத்துவிட்டுப் பத்திரிகைக்குக் கொடுங்கள். விரிவான அறிக்கை குற்றப்பத்திரிகைக்குப் பிறகு வரட்டும்.

இன்னொன்று. குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டித் தகவல் சொல்லி, அவர் தரப்பையும் கேட்க வேண்டும், இது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 15ஏ. புகார்தாரரின் இப்போதைய முகவரியும் செல்போன் எண்ணும் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் இருக்கிறதா என்று வெள்ளிக்கிழமையே பாருங்கள். வீடு உடைந்து உறவுக்காரர் வீட்டில் இருக்கிறவருக்குப் பழைய கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டு வந்துவிடுவார்கள்.