இணையப் பக்கம் எழுத எந்த எடிட்டர்? தமிழெல்லாம் கேள்விக்குறி ஆகிவிட்டது

இரவுவானம்:
வணக்கம். சின்னத் தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவன் நான். பார்த்ததை எல்லாம் குறித்துவைக்கக் கையாலேயே ஹெச்டிஎம்எல் எழுதி 12 பக்கம் செய்திருக்கிறேன். புரோகிராமர் இல்லை, டேக்கை (பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் குறியை)த் திறந்தால் மூட வேண்டும் என்கிற அளவுக்குத் தெரியும்.

முதலில் கடிதம் அடிக்கிற மென்பொருளிலேயே எழுதினேன். பார்க்க நன்றாக இருந்தது, ஆனால் ஒரு லிங்க்கூட வேலை செய்யவில்லை. நான் அடித்த நேர் மேற்கோள்குறியை அது அழகுபடுத்துகிறேன் என்று வளைத்து வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போயிற்று. சரி என்று நோட்பேடுக்கு மாறினேன். சனிக்கோள் பக்கத்தைச் சேமிக்கும்போது ஏதோ எச்சரிக்கை வந்தது. படிக்காமல் ஓகே கொடுத்தேன். மறுநாள் திறந்தால் டேக்குகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன, நடுவில் தமிழ் மட்டும் வரிசை வரிசையாகக் கேள்விக்குறி.

விண்டோஸ் 7, 4 ஜிபி ரேம். எதைப் போடலாம்? அந்தப் பக்கத்தை மீட்க வழி உண்டா?

பழையகை:
கெட்ட செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்: மீட்க முடியாது. அந்த எச்சரிக்கை சொன்னதே அதைத்தான். பழைய நோட்பேட், நாம் மாற்றாவிட்டால் ஆன்சி என்கிற பழைய எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கும். அதில் தமிழுக்கு இடமே கிடையாது. இடமில்லாத எழுத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கே நிஜமாகவே ஒரு கேள்விக்குறியை எழுதிவைக்கும். விண்டோஸ் 10-இன் 2019 பதிப்பிலிருந்துதான் நோட்பேட் தானாகவே, எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள யுடிஎஃப்-8 முறைக்கு மாறியது.

இன்னொரு வகைக் குப்பையும் வரும். தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’, பக்கத்தில் வட்டத்துக்குள் ‘ஆர்’, திரும்பத் திரும்ப அதே ஜோடி. அதைப் பார்த்துப் பதறாதீர்கள். எழுத்து பத்திரமாக இருக்கிறது, பிரவுசர்தான் தப்பாகப் படிக்கிறது. யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று எழுத்தாக நினைத்துக் காட்டுவதால் வருகிற கோலம் அது. ஹெட் பகுதி தொடங்கியதுமே, எந்த முறையில் படிக்க வேண்டும் என்று பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா சார்செட் வரியைப் போட்டால் சரியாகிவிடும். முதல் 1024 பைட்டுக்குள் அது இருந்தாக வேண்டும், அதனால் கீழே தள்ளிவிடாதீர்கள்.

உங்கள் கணினிக்கு நோட்பேட் பிளஸ் பிளஸ் போதும். 2003-இல் வந்தது, இலவசம், எடை குறைவு. போட்டதும் செட்டிங்ஸில் நியூ டாக்குமெண்ட் பகுதிக்குப் போய் யுடிஎஃப்-8 தேர்ந்தெடுங்கள். அப்புறம் ஒரு பொறி இருக்கிறது: என்கோடிங் மெனுவில் யுடிஎஃப்-8 என்ற பெயர் மேலேயும் வரும், கீழேயும் வரும். மேலே இருப்பது கோப்பைப் படிக்கும் விதத்தை மட்டும் மாற்றும். ‘கன்வர்ட்’ என்று தொடங்குவதுதான் கோப்பையே மாற்றும். மேலே இருப்பதை அழுத்திவிட்டு, இருந்த தமிழும் போச்சே என்று ஒரு சாயங்காலம் முழுக்க நானே தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன்.

தாவல்விசை:
விஎஸ் கோட் எடிட்டரைப் போடுங்கள் என்று சொல்ல வந்தேன், விண்டோஸ் 7 என்றதும் வாயை மூடிக்கொண்டேன். புதிய பதிப்புகள் அதில் ஓடாது. தவிர, அதன் வயிற்றுக்குள் ஒரு குரோமியம் பிரவுசரே உட்கார்ந்திருக்கிறது; 4 ஜிபியில் மூச்சு வாங்கும். கணினி மாற்றும்போது ஞாபகம் வையுங்கள். காலியான ஹெச்டிஎம்எல் கோப்பில் ஓர் ஆச்சரியக்குறி போட்டு டேப் தட்டினால், டாக்டைப் முதல் பாடி வரை முழு எலும்புக்கூடும் வந்து விழும், சார்செட் வரி உட்பட. அதற்குள்ளேயே இருக்கும் எம்மெட் என்கிற சுருக்கெழுத்துக் கருவி செய்கிற வேலை அது. மொழி மட்டும் ஆங்கிலம் என்று இருக்கும், தமிழுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கருப்புத்திரை:
பத்து வருடமாக விம் ஆள் நான்; டெர்மினலில், அதாவது எழுத்து மட்டுமே காட்டும் கட்டளைத் திரையில், ஓடும் எடிட்டர் அது. ஆனாலும் தமிழ்ப் பக்கம் எழுத அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன். டெர்மினல் எல்லா எழுத்துக்கும் அளந்துவைத்த கட்டம்தான் கொடுக்கும், நம் ‘ணை’யும் ‘கௌ’வும் அதில் அடங்குமா? கர்சர் ஓரிடத்தில் நிற்கும், அழிவது வேறிடம். மற்ற எடிட்டர்களில் இவ்வளவு மோசம் இல்லை. ‘கொ’வில் பேக்ஸ்பேஸ் தட்டினால் ‘க’ மிஞ்சுமே, அது கோளாறு அல்ல. யூனிகோடில் அது இரண்டு குறி.

எந்த எடிட்டரையும் உயிராகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். பிராக்கெட்ஸை அடோபி 2021-இல் கைவிட்டது, ஆட்டம் 2022 டிசம்பரோடு முடிந்தது. இரண்டிலும் எழுதியிருக்கிறேன். கோப்புகள் இன்றைக்கும் எதில் வேண்டுமானாலும் திறக்கின்றன.

இரவுவானம்:
எல்லோருக்கும் நன்றி. நோட்பேட் பிளஸ் பிளஸ் போட்டாயிற்று. சனிக்கோள் பக்கத்தை மறுபடி அடித்தேன். நோட்டில் பென்சில் குறிப்பு இருந்ததால் பிழைத்தேன். மற்ற 11 பக்கத்தையும் திறந்துவைத்து வளைந்த குறிகளை ஒரே மூச்சில் நேராக்கினேன். திறப்பதற்கு ஒன்று, மூடுவதற்கு ஒன்று என்று அவை இரண்டு வகை என்பதை மறந்து, முதல் சுற்றில் பாதிதான் மாறியது. இப்போது ஒரே ஒரு லிங்க் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. பழையகை சார், நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: கோப்பின் பெயரைத் தப்பாக அடித்திருக்கிறேன்.