‘ஜேன் டோ’வுக்கு இவ்வளவு ஆரவாரம் தேவையா?

தகரடப்பா: மெட்டாலிக் ஹார்ட்கோர், அதாவது ஹார்ட்கோர் பங்க்கில் ஹெவி மெட்டலைக் கலந்த இசை என்றாலே எல்லோரும் கன்வெர்ஜ் குழுவின் புராணம் பாடுகிறீர்கள். அவர்களுடைய ‘ஜேன் டோ’ ஆல்பம் வந்தது 2001-இல். அதற்குப் பத்து வருடம் முன்பே கிளீவ்லேண்டின் இன்டெக்ரிட்டி குழு, முதல் ஆல்பத்திலேயே ஹார்ட்கோர் அடிக்கு மேல் மெட்டல் குழுவான ஸ்லேயரின் பாணி கிட்டார் சோலோவை ஏற்றிவிட்டது. அப்புறம் இவர்கள் எப்படி முன்னோடி?

உப்புக்காற்று: கன்வெர்ஜும் 1990-லேயே மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தில் தொடங்கியதுதான் தல. வருடக் கணக்கை விடுங்கள், பாட்டைக் கேளுங்கள். இன்டெக்ரிட்டியில் பிரேக்டவுன் (வேகம் குறைந்து அடி கனக்கும் இடம்) வரப்போவது முன்கூட்டியே தெரியும். கூட்டமும் அதற்குத் தயாராகிவிடும். ‘ஜேன் டோ’வின் முதல் பாட்டு ‘கன்குபைன்’ ஒன்றரை நிமிடம்கூட இல்லை. பென் காலரின் டிரம்ஸ், நாம் தாளத்தைப் பிடிப்பதற்குள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. அதே ஆல்பம் 11 நிமிடத்துக்கு மேல் ஓடும் பாட்டோடு முடிகிறது. இப்படி ஒரு துணிச்சல் அன்று எத்தனை பேருக்கு இருந்தது?

மூன்றாம்வரிசை: துணிச்சல் சரி, வார்த்தை ஒன்றாவது புரிகிறதா? பாடகர் பானன் கத்துவது கிட்டாருக்குள் முங்கிக் கிடக்கிறது.

உப்புக்காற்று: முங்கட்டுமே. குரலும் அங்கே ஒரு இரைச்சல் கருவிதான். பாட்டுப் புத்தகம் எதற்கு இருக்கிறது?

ஆம்ப்ளிஃபயர்: இருவரும் முக்கியமான ஆளை விட்டுவிட்டீர்கள். கன்வெர்ஜின் கிட்டாரிஸ்ட் கர்ட் பலூ. அவருடைய காட்சிட்டி ஸ்டுடியோவில் பதிவான நெயில்ஸ் குழுவின் 2010 ஆல்பத்தைப் போடுங்கள். ரம்பம் இரும்பைக் கிழிப்பது போன்ற கிட்டார். கன்வெர்ஜைப் பார்த்து ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) எழுதியவர்களைவிட, பலூவிடம் பதிவு செய்யப் போனவர்கள் வழியாகத்தான் இந்தச் செல்வாக்கு பரவியது என்பேன்.

தகரடப்பா: மாட்டிக்கொண்டீர்கள்! அந்த ரம்பச் சத்தம் கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும் பாஸ் (Boss) நிறுவனத்து எச்எம்-2 பெடலின் நான்கு குமிழ்களையும் கடைசிவரை திருகினால் வருவது. ஸ்டாக்ஹோமில் என்டூம்ட் குழு 1990-லேயே செய்தது. இரவல் நகையைக் காட்டி நம்மிடமே பெருமையா?

ஆம்ப்ளிஃபயர்: என்டூம்டிடம் அது டெத் மெட்டல். அதை ஹார்ட்கோரின் குட்டிப் பாட்டுகளுக்குள் அடைத்ததைத்தான் சொல்கிறேன். அப்படிப் பார்த்தால் உங்கள் இன்டெக்ரிட்டியும் ஸ்லேயரிடம் இரவல் வாங்கியதுதானே?

தகரடப்பா: வாங்கியது, ஆனால் முதலில் வாங்கியது! இன்டெக்ரிட்டியின் 1995 ஆல்பம் ‘சிஸ்டம்ஸ் ஓவர்லோட்’ ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

மூன்றாம்வரிசை: அதிலாவது வார்த்தை புரியுமா?